சின்ன வெங்காயப் பத்தியம்

எடை பார்ப்பதென்றால் காலையில் பார்க்க வேண்டும், மேடம். வெறும் வயிற்றில், கக்கூஸ் போய்விட்டு வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு காலையும் சமமாக ஊன்றி நிற்க வேண்டும். இது பாதிப் பேருக்குத் தெரியாது. மத்தியானம் சோறு தின்றுவிட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே மெஷின் மேல் ஏறி, "ரெண்டு கிலோ ஏறிடுச்சுக்கா" என்று அழுவார்கள். நான் திட்டி இறக்கிவிடுவேன். எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்பது என் சுபாவம். நேற்று நீங்கள் தாளும் பேனாவும் கொடுத்து, நடந்ததை உள்ளபடி எழுதச் சொன்னீர்கள். அதையும் முறையாகவே செய்கிறேன்.

என் பெயர் பரிமளா. வயது நாற்பத்தொன்பது. வீடு பெரம்பலூர் துறைமங்கலத்தில். கணவர் பெரியசாமி அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். வீட்டில் என்ன அரைக்கிறேன், யார் வந்து போகிறார்கள் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. லாரியைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறப்பார். அவரை இதில் சேர்க்காதீர்கள்.

எனக்குப் பிள்ளைகள் இல்லை. எடை ஐம்பத்தொன்று. பத்தாம் வகுப்பில் எவ்வளவு இருந்தேனோ கிட்டத்தட்ட அதேதான் இன்றும். எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது, எங்கள் அம்மா வீட்டில் எல்லோருக்குமே அப்படித்தான். என்னிடம் பொடி வாங்க வருகிற பெண்கள் முதலில் என் இடுப்பைத்தான் பார்ப்பார்கள். "அக்காவும் இதைத்தான் சாப்பிடறாங்க போல" என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். நான் ஆமாம் என்று சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது.

முன்பு பதினான்கு வருடம் ஒரு மெடிக்கலில் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடையை மூடி ஆறு வருடமாகிறது, முதலாளியும் காலமாகிவிட்டார். அதன் பிறகு வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை. கொள்ளு, சோம்பு, கருஞ்சீரகம், கடுக்காய், சுக்கு, இன்னும் நாலைந்து சாமான். எல்லாம் கடைத்தெருவில் கிடைப்பதுதான். வறுத்து, மில்லில் கொடுத்து அரைத்து, சலித்து, 'கொடியிடை மூலிகைப் பொடி' என்று லேபிள் ஒட்டினேன். பக்கவிளைவு இல்லாதது என்று பெரிய எழுத்தில் அச்சடித்தேன். அது அப்போது சத்தியமான வார்த்தை. முதல் பதினைந்து மாதம் அந்தப் பொடியால் ஓர் உயிருக்கும் கெடுதல் வரவில்லை. யாருக்கும் ஒரு கிலோவும் குறையவில்லை. வயிறு மட்டும் நன்றாகக் கழியும்.

நம் பக்கத்தில் பத்தியம் இல்லாத மருந்தை யாரும் மருந்தாக மதிப்பதில்லை. கசக்கவும் வேண்டும், வாயைக் கட்டவும் வேண்டும், அப்போதுதான் நம்பிக்கை வரும். எதை விலக்கச் சொல்வது என்று யோசித்தேன். கத்தரிக்காய், கருவாடு என்று எல்லா வைத்தியரும் சொல்கிறார்கள், அதை விடுவதில் யாருக்கும் பெரிய கஷ்டமில்லை. நான் சின்ன வெங்காயத்தைச் சொன்னேன். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், சின்ன வெங்காயம் வாயில் படக் கூடாது. கூடவே இங்கிலீஷ் மருந்தும் ஆகாது, பொடியை முறித்துவிடும் என்றேன்.

நீங்கள் வெளியூர் என்பது பேச்சிலேயே தெரிகிறது, அதனால் விளக்குகிறேன். பெரம்பலூர்ச் சீமையில் சின்ன வெங்காயம் இல்லாமல் ஒரு வாரம் இருப்பது நடக்கிற காரியமில்லை. செட்டிகுளம் பக்கம் போனால் காட்டுக்குக் காடு பட்டறை போட்டு வெங்காயத்தை அடைத்து வைத்திருப்பார்கள். குழம்பில் அதுதான், தாளிப்பில் அதுதான், காலையில் கஞ்சிக்குக் கடித்துக்கொள்ளவும் அதுதான். தான் சமைக்காவிட்டாலும் மாமியார் சமைத்ததில் இருக்கும், விசேஷ வீட்டுப் பந்தியில் இருக்கும். கஷ்டமான பத்தியமாக இருக்கட்டும் என்றுதான் முதலில் அதைச் சொன்னேன். அது எனக்கு எப்படியெல்லாம் உதவப் போகிறது என்று அப்போது தெரியாது.

மண்டலம் முடிந்து, எடை குறையவில்லை என்று வருவார்கள். நான் கோபப்பட மாட்டேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்.

"வெங்காயம் சேத்தீங்களா?"

"இல்லைக்கா. ஒரே ஒரு நாளு, கொழுந்தியா வூட்டு விசேசத்துல சாம்பார்ல கெடந்துச்சு. எடுத்து ஓரமா வெச்சிட்டுத்தான் சாப்பிட்டேன்."

"சாம்பார் சாப்பிட்டீங்கள்ல."

அவ்வளவுதான். தலை குனிந்துவிடும். தப்பு தன் பேரில்தான் என்று ஒத்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து ஒரு மண்டலத்துக்குப் பொடி வாங்கிக்கொண்டு போவார்கள். அத்தனை பேரில் ஒருத்திகூட என்னைக் குறை சொன்னதில்லை. நான் என்னவோ சின்ன வெங்காயம் இல்லாமல் சோறு தின்றதில்லை. மருந்து சாப்பிடுகிறவர்களுக்குத்தானே பத்தியம்.

இப்படியே போயிருக்கலாம். ஒரு நாள் என் வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பேர் இருக்கும்போது, அனிதா என்று ஒரு நர்ஸ், "உங்க பொடிக்கு எங்க வூட்டு ரசமே தேவலைங்க, அதுல ருசியாச்சும் இருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என் முகத்துக்கு நேராகச் சிரித்தார்கள், மேடம். பதினான்கு வருடம் மருந்துக் கடையில் நின்றவளை, ஏமாற்றுக்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பலன் உள்ள ஒன்றைத்தான் இனிமேல் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

கடையில் இருந்தபோது ஒரு டீச்சர் தைராய்டு மாத்திரை வாங்க வருவார். அவர் அளவு தவறி மாதக்கணக்கில் கூடுதலாக விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று தொங்கியது. எல்லோரும் என்ன மாயம் செய்தீர்கள் என்று அவரைக் கேட்டார்கள். ஒரு நாள் கடை வாசலில் வந்து நின்றபோது கை நடுங்கியது, வேர்த்துக் கொட்டியது, நெஞ்சு அடிப்பது சேலைக்கு மேலேயே தெரிந்தது. டாக்டர் ஏசிவிட்டு மாத்திரையை நிறுத்தி, அதை அடக்க வேறு மருந்து கொடுத்தார். இன்னும் சில நாள் போயிருந்தால் நெஞ்சு நின்றிருக்கும் என்று சொன்னாராம். டீச்சர் பிழைத்துக்கொண்டார். இதை நான் எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதுகிறேன், ஏனென்றால் பாவம் விவரம் தெரியாமல் செய்துவிட்டாள் என்று நீங்கள் என்னைப் பற்றி நினைத்துவிடக் கூடாது. விவரமெல்லாம் தெரியும்.

என் மாமியாருக்கு அதே மாத்திரை உண்டு. அவர் போன பிறகும் அவருடைய மருந்துச் சீட்டு என்னிடம் இருந்தது. பெரம்பலூரில் ஒரு கடை, அரியலூரில் ஒரு கடை, ஆத்தூரில் ஒரு கடை என்று மாற்றி மாற்றி வாங்கினேன். தூளாக்கி, பொடியோடு சேர்த்து, மூன்று முறை சலித்தேன். எவ்வளவு சேர்த்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. படிக்கிற யாராவது கற்றுக்கொண்டு செய்வார்கள். அந்த அளவுக்குப் பொறுப்பு எனக்கு உண்டு. லேபிளை மாற்றவில்லை, நிறைய அச்சடித்து வைத்திருந்தேன்.

மூன்றாவது வாரமே தெரிந்தது. நாலு கிலோ, ஐந்து கிலோ. வேப்பந்தட்டையிலிருந்து ஜெயங்கொண்டம் வரை பேச்சு பரவியது. வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. டாக்டரக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அனிதாவே வந்து மூன்று பொட்டலம் கேட்டாள். படபடப்பாக இருக்கிறது, தூக்கம் வரவில்லை என்று சிலர் சொல்லத்தான் செய்தார்கள். கொழுப்பு கரைகிறபோது அப்படித்தான் இருக்கும் என்றேன். ரொம்பவும் சொன்னால் வெங்காயம் சேர்த்தீர்களா என்று கேட்டேன். எடை குறையாததற்குச் சொன்ன அதே பதில் படபடப்புக்கும் பொருந்தியது.

கண்ணகி என்று ஒருவரைப் பற்றி நேற்று கேட்டீர்கள். வேப்பந்தட்டைப் பக்கம் மக்காச்சோளமும் வெங்காயமும் போடுகிற குடும்பம். ஐம்பத்து மூன்று வயது. பத்து வருடமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், என் பத்தியத்துக்காக அதை நிறுத்தினார். இருபதாவது நாள் மக்காச்சோளக் காட்டில் விழுந்தார். ஒரு கையும் காலும் போய்விட்டது, வாய் கோணிவிட்டது. ஒரு மாதம் கழித்து அவர் கணவர் பாவாடை என் வீட்டுக்கு வந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன், மறைக்க மாட்டேன். அவர் நாற்காலியில்கூட உட்காரவில்லை.

"எங்க மேலதாங்க தப்பு," என்றார். "வெங்காயம் புடுங்கற நேரம். காட்டுல ஆளுங்களோட உக்காந்து கஞ்சி குடிக்கிறா, கடிச்சிக்காம எப்டிங்க குடிப்பா. நான் பாத்துட்டும் பேசாம இருந்துட்டேன்." மடியிலிருந்து பாதிப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். "முறையா இருக்கறவங்களுக்குக் குடுங்க. அங்க கெடந்து வீணாத்தான் போவும்."

அன்றைக்கே நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த மனிதர் போன பிறகு வெகுநேரம் வாசலில் நின்றேன். எனக்குத் துக்கமாகத்தான் இருந்தது. ஆனால் இவ்வளவு பெரியதையும் அந்தப் பத்தியம் தாங்கிக்கொண்டதே என்ற ஆச்சரியம் துக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. அதற்குப் பிறகு எனக்குப் பயம் விட்டுப்போய்விட்டது.

இனி சுவாதி.

ஜெயலட்சுமி தன் பெண்ணை அழைத்துக்கொண்டு அரியலூரிலிருந்து வந்தது வைகாசியில். அவள் கணவர் ஆண்டவருக்கு உடையார்பாளையம் பக்கம் முந்திரிக்காடு உண்டு. பெண் ஒரு தனியார் பள்ளியில் யுகேஜி மிஸ். ஓசூரில் வேலை பார்க்கிற முத்தமிழ்செல்வன் என்ற பையனோடு நிச்சயமாகி, ஆவணி பன்னிரண்டில் முகூர்த்தம் வைத்திருந்தார்கள். நிச்சயத்தன்று பையனின் அம்மா, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. மேடையில எம் மவனுக்கு அக்கா மாதிரி தெரியக் கூடாது, அவ்வளவுதான்" என்று சபையில் சொல்லிவிட்டாள். அந்த அம்மாளை நான் நிச்சயதார்த்தப் படத்தில் பார்த்தேன். தொண்ணூறு கிலோவுக்குக் குறையாது. ஆனால் மாப்பிள்ளை வீட்டாருக்கு எடை மெஷின் கிடையாதே.

சுவாதி கண்ணை மூடிக்கொண்டு மெஷின் மேல் ஏறினாள். "எவ்வளவுன்னு சொல்லாதீங்க ஆன்ட்டி, எழுதி மட்டும் வெச்சுக்குங்க." எண்பத்தாறு. இறங்கி என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எனக்கு ஒண்ணுமில்ல ஆன்ட்டி. அம்மாதான் மூணு நாளா சாப்பிடாம அழுவுறாங்க. வூட்டுல நானாவது சாப்பிடணும்ல." ஜெயலட்சுமி அவள் தோளில் அடித்தாள். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது. இதை நீங்கள் நம்ப வேண்டும். என் சொந்தத்தில் ஒரு பெண்ணிடம்கூட எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

அறுபத்தாறுக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். தினமும் காலையில் மெஷின் மேல் நின்று ஒரு படம் எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்புவாள். எண்ணும், அவள் கால் விரல்களும் தெரியும். அவள் முகத்தை நான் பார்த்தது நாலு தடவைதான். விரல்களை எழுபத்தெட்டு நாள் பார்த்தேன். இரண்டாம் விரல் கட்டை விரலைவிட நீளம்.

முதல் மாதம் எட்டு கிலோ. கல்யாண ரவிக்கையை டைலர் இரண்டாம் தடவையும் பிடித்துவிட்டார் என்று எழுதினாள். ஜெயலட்சுமி போன் பண்ணி, "எங்க குலசாமிக்கு அடுத்து நீங்கதாங்க்கா" என்றாள். எழுபத்திரண்டுக்கு வந்ததும் நின்றுவிட்டது. இரண்டு வாரம் அசையவில்லை. ஆனி முடியப் போகிறது. எனக்குக் கவலை வந்துவிட்டது. அரியலூரில் பெரிய மண்டபம், அத்தனை சொந்தமும் வருகிற கல்யாணம். எண்பத்தாறாக நிச்சயத்தில் நின்றவள் அறுபத்தாறாக மேடை ஏறினால் அதைப் பார்க்கிற ஒவ்வொரு பெண்ணும் என்னைத் தேடி வருவாள். அந்தப் பையனின் அம்மாளும் வாயை மூடுவாள். அதனால் சுவாதியின் பொட்டலத்தில் மட்டும் மாத்திரையை இரட்டிப்பாக்கினேன். அவள் பொட்டலம் மாறிவிடக் கூடாது என்று சிவப்பு நூல் கட்டி வைத்தேன். கவனமாகத்தான் செய்தேன்.

எடை மறுபடி இறங்கியது. படங்கள் கலங்கலாக வர ஆரம்பித்தன. எண் சரியாகத் தெரியவில்லை, போனைத் துடைத்துவிட்டு எடு என்று எழுதினேன். கை நடுங்குது ஆன்ட்டி என்று பதில் வந்தது. அந்த வாட்ஸப்பெல்லாம் உங்களிடம் இருக்கிறது, நான் ஒன்றையும் அழிக்கவில்லை. தூக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறாள். முடி கொட்டுகிறது என்று எழுதியிருக்கிறாள். வகுப்பில் ஒரு பிள்ளை, "மிஸ் ஏன் ஆடுறீங்க" என்று கேட்டதாக எழுதிச் சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறாள். டாக்டரிடம் காட்டட்டுமா என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். பத்தியம் முறிந்துவிடும், கொஞ்ச நாள் பொறு என்று இரண்டு தடவையும் சொன்னேன்.

வெங்காயம் சேர்த்தாயா என்றும் கேட்டேன்.

"சத்தியமா இல்ல ஆன்ட்டி," என்று பதில்.

அவள் சொன்னது உண்மை. ஜெயலட்சுமியிடமே விசாரித்தேன். பெரியப்பா வீட்டு விருந்துக்குக்கூடத் தனியாக டப்பாவில் சோறு எடுத்துப் போயிருக்கிறாள். ஹோட்டலில் கை நனைப்பதில்லை. அப்பாவுக்கு வேறு குழம்பு, அவளுக்கு வேறு குழம்பு. என்னிடம் வந்த இத்தனை பெண்களில் அந்தப் பத்தியத்தை ஒரு நாள்கூடத் தவறாமல் காத்தவள் அவள் ஒருத்திதான். அது எனக்குச் சங்கடமாக இருந்தது. அவளுக்கு ஏதாவது ஆனால் என்ன சொல்வது என்று என்னிடம் பதில் இல்லை. வேறு யாருக்காகவும் நான் அப்படிக் கவலைப்பட்டதில்லை.

ஆடி கடைசி வாரம், புதன்கிழமை, மாலை நாலு மணி. நான் பொடி சலித்துக்கொண்டிருந்தேன். ஜெயலட்சுமி போன் செய்தாள். அரியலூரில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறாள். சுவாதிக்குக் காய்ச்சல் அனலாக அடிக்கிறது, வாந்தி நிற்கவில்லை, நெஞ்சு படுவேகமாக அடிக்கிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறாள் என்றாள்.

"டாக்டரம்மா கேக்கறாங்கக்கா, ஏதாச்சும் மாத்திரை சாப்புடுதான்னு. தைராய்டு மாத்திரை எடுக்குதா, நாட்டு மருந்து ஏதாச்சும் சாப்புடுதான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. பொடியச் சொல்லிடட்டுமா?"

அந்த டாக்டரம்மா கெட்டிக்காரி. சரியான இடத்தில் கை வைத்துவிட்டாள். அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு வார்த்தை. அது கிடைத்திருந்தால் எந்த மருந்தால் அதை அடக்குவது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். எனக்கே தெரியும். அந்த டீச்சருக்குக் கொடுத்த மருந்தை என் கையால்தான் எடுத்துக் கொடுத்தேன். சல்லடையைக் கீழே வைத்தேன்.

"மொதல்ல இதச் சொல்லு ஜெயா. வெங்காயம் ஏதாச்சும் பட்டுச்சா?"

ஆஸ்பத்திரியில் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுவது கேட்டது. பிறகு ஜெயலட்சுமி அழுதாள்.

"நேத்திக்கு அவளுக்கு ஒண்ணுமே எறங்கலக்கா. பழைய சோத்துல மோர ஊத்தி, நாலு வெங்காயத்த அரிஞ்சு போட்டு நாந்தான் ஊட்டிவுட்டேன். வேணாம்மா, ஆன்ட்டி திட்டுவாங்கன்னுதான் சொன்னா. நாலு வாய் தின்னா. நல்லாருக்கும்மான்னு சொன்னா."

எனக்குப் பெரிய நிம்மதி வந்தது, மேடம். உள்ளபடி எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். எழுபத்தெட்டு நாளாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

"அப்ப அதான்," என்றேன். "அதான் முறிஞ்சிடுச்சு. இதப் போயி டாக்டர்கிட்ட சொன்னின்னா, பெத்த தாயே கெடுத்துட்டியேன்னு உன்னையத்தான் கேப்பாங்க. சம்பந்தி வூட்டுக்கும் போயிடும். நாட்டு மருந்தெல்லாம் மருந்துல சேராது. ஒண்ணும் சாப்புடலைன்னு சொல்லிடு. உடம்பு தானா சரியாயிடும்."

அவள் அப்படியே சொன்னாள். அந்த டாக்டரம்மா அதன் பிறகும் கேட்டார்களாம், இல்லவே இல்லை என்று இவள் சாதித்திருக்கிறாள். மறுநாள் காலை திருச்சிக்குக் கொண்டுபோகும் வழியில், கீழப்பழுவூர் தாண்டியதும் ஆம்புலன்ஸில் சுவாதியின் உயிர் பிரிந்தது.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று நீங்கள் நேற்று இரண்டு தடவை கேட்டீர்கள். அந்த நேரத்தில் என் பொடியை நூற்று நாற்பது பெண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாத்திரை விஷயம் அரியலூரில் மாலை நாலு மணிக்குத் தெரிந்தால் பெரம்பலூருக்கு ஐந்து மணிக்குத் தெரிந்துவிடும். அத்தனை பேரும் பாதியில் நிறுத்துவார்கள். உடம்பைக் குறைத்து, புருஷன் முகம் பார்த்துப் பேசி, கண்ணாடி முன்னால் நிற்க ஆரம்பித்த பெண்கள். ஒரு பெண்ணுக்காக நூற்று நாற்பது பேரைக் கைவிடுவதா என்று யோசித்தேன். அதோடு என் வாசலில் மறுபடி யாரும் அப்படிச் சிரிப்பதை என்னால் தாங்க முடியாது. இரண்டில் எது முதலில் தோன்றியது என்று கேட்டால், இரண்டாவதுதான்.

ஆகவே எழுத்தில் தெளிவாக இருக்கட்டும். மாத்திரையைக் கலந்தது நான். கண்ணகியின் பிரஷர் மருந்தை நிறுத்த வைத்தது நான். சுவாதிக்கு இரட்டிப்பாக்கியது நான். ஒரு வார்த்தை சொன்னால் அவள் பிழைப்பாள் என்று தெரிந்தே அந்த வார்த்தையைச் சொல்லவிடாமல் செய்ததும் நான்தான். யாரும் என்னைத் தூண்டவில்லை. ஸ்டேஷனில் யாரும் அடித்துக் கேட்டு வாங்கியதும் இல்லை. நீங்கள் மரியாதையாகத்தான் நடத்துகிறீர்கள்.

இன்னொன்றும் கேட்டீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் இவ்வளவு நாளாகியும் என் மேல் ஏன் ஒரு புகார்கூட எழுதித் தர மாட்டேன் என்கிறாள், நான் மிரட்டி வைத்திருக்கிறேனா என்று. திருச்சி ஆஸ்பத்திரியில் அவள் உடலைப் பார்த்தவர்கள் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பியிருக்காவிட்டால் நீங்களே என் வீட்டுக்கு வந்திருக்க மாட்டீர்கள் என்பது உண்மைதான். ஆனால் நான் யாரையும் மிரட்டவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் ஜெயலட்சுமி தனியாகப் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். கூடத்தில் சுவர் ஓரமாக உட்கார்ந்தாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"வூட்டுல வெங்காயமே வாங்கறதில்லக்கா," என்றாள். "கொழம்பு ஏன் இப்டி இருக்குன்னு அவரு கேக்கறாரு. நான் சொல்லல. சொன்னா அவரு தாங்க மாட்டாரு. வேணாம்மா வேணாம்மான்னு அத்தினி வாட்டி சொன்னாக்கா. நாந்தான் வாய்க்குள்ள திணிச்சேன். நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டுக் கொறச்சீங்க. உங்க பேரயும் கெடுத்துட்டேன்."

சொல்லிக்கொண்டே என் காலைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை. நான் குனிந்து அவளைத் தூக்கி, முகத்தைத் துடைத்துவிட்டேன். அவள் எதற்காக வந்தாள் என்று எனக்குத் தெரியும், அதைக் கொடுக்காமல் அனுப்ப மனம் வரவில்லை.

"தெரிஞ்சா செஞ்ச, ஜெயா. விடு," என்றேன். "நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல."

நான் அவளை மன்னித்துவிட்டேன், மேடம்.